திருப்பூரில் ஜாப்வொர்க் பில் போடுகிறேன். உபுண்டுவில் லிப்ரேஆபீஸ் நிறுவும்போது ‘லோக்கேல்’ எச்சரிக்கை வருகிறது, அதன் கணக்குத்தாள் நிரலான கால்க்கில் தேதிகளும் மாறுகின்றன. அழித்துவிட்டு மறுபடி நிறுவ வேண்டுமா?

வேண்டாங்க. லிப்ரேஆபீஸில் கோளாறு இல்லை. லோக்கேல் என்பது எந்த மொழி, எந்த நாட்டுத் தேதி, எண் முறை என்று கணினிக்குச் சொல்லும் அமைப்பு. உபுண்டுவில் ஏதோ ஒரு லோக்கேலைப் பயன்படுத்தச் சொல்லியிருக்கிறது, ஆனால் அந்த லோக்கேல் கணினியில் உருவாக்கப்படவில்லை. நிறுவும்போது ஓடும் பெர்ல் நிரல் அதைத் தேடிக் காணாமல்தான் எச்சரிக்கிறது.

டெர்மினலில் ‘சூடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் லோக்கேல்ஸ்’ கொடுங்கள். வரும் பட்டியலில் இந்திய ஆங்கிலத்தையும் இந்தியத் தமிழையும் ஸ்பேஸ்பார் தட்டிக் குறித்து, அடுத்த திரையில் ஒன்றை இயல்புநிலை (டீஃபால்ட்) லோக்கேலாக வையுங்கள். லாக்அவுட் செய்து திரும்ப வந்தால் எச்சரிக்கை போய்விடும். போகாவிட்டால், டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் பாஷ்ஆர்சி கோப்பில் எல்சி_ஆல் என்று யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அது மற்ற லோக்கேல் அமைப்புகளை மீறிவிடும், இருக்கும்வரை அவை எடுபடாது.

மெனு தமிழில் வேண்டுமென்றால் தமிழ் மொழிப் பொதியைத் தனியாக நிறுவலாம். தேதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அப்புறம் தேதி. திருப்பூரில் ஜாப்வொர்க் பில் போடும் உங்களுக்கு இதுதான் முக்கியம் என்பேன். கால்க் அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தால், 05/04/2024 என்று நீங்கள் அடிக்கும் ஏப்ரல் 5, மே 4 ஆகப் பதிவாகிவிடும். ஏப்ரல் ஜிஎஸ்டி கணக்கில் வர வேண்டிய பில் மே மாதத்தில் போய் உட்காரும். 25/04/2024 என்றால் 25-வது மாதம் கிடையாது என்பதால் வெறும் எழுத்தாக இடப்பக்கம் ஒட்டி நிற்கும். 12-ஆம் தேதிக்கு மேற்பட்டவை இப்படிக் கண்ணில் பட்டுவிடும். அதற்குள் இருப்பவைதான் சத்தமில்லாமல் கணக்கைக் கெடுக்கும். கன்ட்ரோல், எஃப்8 இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள், எழுத்தாக நிற்பவை கருப்பிலும் தேதியாகப் பதிவானவை நீலத்திலும் தெரியும்.

டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய், மொழிப் பகுதியில் லோக்கேலை ‘இங்கிலீஷ் (இந்தியா)’ ஆக்குங்கள். தொகையும் 1,00,000 என்று நம் முறையில் வரும். ஆனால் ஏற்கெனவே தவறாகப் பதிந்த தேதி இதனால் திருந்தாது, தெரியும் வடிவம் மட்டுமே மாறும். எழுத்தாக நிற்பவற்றை டேட்டா மெனுவில் ‘டெக்ஸ்ட் டு காலம்ஸ்’ கொடுத்து, ‘டேட் (டிஎம்ஒய்)’, அதாவது நாள்-மாதம்-ஆண்டு வரிசையைத் தேர்ந்தெடுத்துத் திருத்தலாம். மாறிப்போனவற்றுக்குப் பக்கத்துக் கட்டத்தில் டேட் ஃபார்முலாவைப் போட்டு, மாதத்தின் இடத்தில் நாளையும் நாளின் இடத்தில் மாதத்தையும் கொடுங்கள். காகித பில்லோடு நாலைந்தை ஒப்பிட்டுப் பார்த்து, புதிய தேதிகளை நகலெடுத்து ‘பேஸ்ட் ஸ்பெஷல்’ மூலம் ஃபார்முலா இல்லாமல் மதிப்பாக மட்டும் ஒட்டிய பிறகே பழைய பத்தியை அழியுங்கள்.

அமெரிக்க பையர் அனுப்பும் சிஎஸ்வி கோப்பில் (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பு) மாதம் முன்னால் இருந்தால், அதற்காக லோக்கேலை மாற்றாதீர்கள். கோப்பைத் திறக்கும்போது வரும் பெட்டியில் அந்தப் பத்திக்கு மட்டும் ‘டேட் (எம்டிஒய்)’, அதாவது மாதம்-நாள்-ஆண்டு கொடுத்தால் போதும்.