கேள்வி பதில்: ஊர் மக்களோடு சேர்ந்து சுகாதார ஆய்வு

ஊர்த்தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். இனி வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கலாமா?

கூடாது. ஊர் சம்மதம் வேறு, ஆள் சம்மதம் வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைகளும் இதைத்தான் சொல்கின்றன. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களை ஆய்வில் சேர்த்தால் அறிவியல் தரம் குறையாதா?

இதற்கு நீளமாகவே சொல்கிறேன். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதி 1980களில் வேலையைத் தொடங்கினார்கள். அங்கே குழந்தைகள் நிமோனியாவில் செத்துக்கொண்டிருந்தன. மூச்சு வேகமாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும், ஆனால் ஊர் மருத்துவச்சிகளில் பலருக்குப் பன்னிரண்டுக்கு மேல் எண்ண வராது. அதனால் மணிகள் கோத்த ஒரு பலகையும் ஒரு நிமிட மணல் கடிகாரமும் செய்தார்கள். பத்து மூச்சுக்கு ஒரு மணி தள்ள வேண்டும். மணல் தீர்வதற்குள் சிவப்பு மணி நகர்ந்துவிட்டால் நிமோனியா, மருந்து கொடு. அப்புறம் 39 கிராமங்களில் ஊர்ப் பெண்களே பச்சிளங்குழந்தைகளை வீட்டிலேயே கவனித்துக்கொள்ளப் பழகினார்கள். ஒப்பீட்டுக் கிராமங்களோடு வைத்துப் பார்த்தபோது பச்சிளங்குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்திருந்தது. 1999இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. தரம் எங்கே குறைந்தது?

மேலே கேட்டவன்தான். அந்தப் பெண்கள் சொன்ன வேலையைச் செய்தார்கள், அவ்வளவுதானே? அவர்கள் எப்படி ஆய்வில் கூட்டாளிகள் ஆவார்கள்?

நியாயமான கேள்வி. பல திட்டங்கள் அந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. எதை ஆராய்வது என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதைப் பாருங்கள். இதே பங் தம்பதி ஆரம்பத்தில் பழங்குடியினரிடம் அரிவாள் செல் நோய் என்ற பரம்பரை ரத்த நோய் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். மக்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அது அவர்கள் கேட்ட ஆய்வே இல்லை. அதற்குப் பிறகுதான் இந்தத் தம்பதிக்கு ஊரிடம் முதலில் கேட்பது என்ற வழக்கமே வந்தது. ஆஸ்பத்திரி எப்படி இருக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். பெரிய கட்டடம் பயமாக இருக்கிறது என்றார்கள் மக்கள். தங்கள் ஊர் வீடுகள் போல ஆஸ்பத்திரி எழுந்தது, பெயரும் அவர்கள் வணங்கும் தந்தேஸ்வரி அம்மன் பெயர்.

ஒரு ஆய்வுக்கு எடுத்த ரத்தத்தை இன்னொன்றுக்குப் பயன்படுத்தலாமா?

மறுபடி கேட்டுச் சம்மதம் வாங்காமல் தொடவே கூடாது. அமெரிக்காவில் ஹவாசுபாய் பழங்குடியினர் சர்க்கரை நோய் ஆய்வு என்று நம்பி ரத்தம் கொடுத்தார்கள். அதே ரத்தம் மனச்சிதைவு பற்றிய ஆராய்ச்சிக்கும் போனது. வழக்கு நடந்து, 2010இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

தலைவர் சம்மதம் போதும்தானே?

முதல் பதிலைப் படியுங்கள். இன்றைக்கு இதைக் கேட்கும் நான்காவது ஆள் நீங்கள்.

சம்மதப் படிவத்துக்கு மாதிரி கிடைக்குமா?

உங்கள் நிறுவன நெறிமுறைக் குழுவிடம் கேளுங்கள். வாங்கியதும், ஊரில் ஒருவரை உட்காரவைத்துச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அவருக்குப் புரியாத வரியைத் திருத்தி எழுதுங்கள்.

முடிவுகளை ஊருக்கு எப்போது சொல்வது?

கட்டுரை அச்சாவதற்கு முன்பே, அவர்கள் மொழியில், ஊர்க் கூட்டத்தில்.