மூன்றாவது எட்டு மணி நேரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். எனக்கு 27 வயது. சொந்த ஊர் நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். தரமணியில் மென்பொருள் வேலை, சோழிங்கநல்லூரில் நான்கு பேர் சேர்ந்து எடுத்த வாடகை வீடு. காலை எட்டரைக்குக் கிளம்பினால் திரும்ப இரவு ஒன்பதாகிவிடும். சாப்பிட்டபின் அமெரிக்க வாடிக்கையாளருடன் ஒரு ஃபோன் கால். சனிக்கிழமை தூங்கியே போய்விடும். ஞாயிறு துணி துவைத்து, ஊரில் இருக்கும் என் அம்மாவிடம் பேசி முடிப்பதற்குள் திங்கள் வந்துவிடும்.

சின்ன வயதில் முழுப்பரீட்சை லீவில் காலையில் வெளியே போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வீடு. அறுத்த வயலில் கிரிக்கெட், வற்றிய குட்டையில் கெளுத்தி பிடிப்பது, வாய்க்காலில் தண்ணீர் வரும்போது பையன்கள் எல்லோரும் அதற்கு முன்னால் ஓடுவது. எங்கே போனாய் என்று யாரும் கேட்டதில்லை. பத்தாவது முடித்ததும் நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளி, பிறகு கோவையில் இன்ஜினியரிங், பிறகு இந்த வேலை.

இப்போது எந்நேரமும் அந்த நாட்களின் நினைப்புதான். வயதானால் எல்லோருக்கும் இப்படித்தான் என்கிறார்கள் நண்பர்கள். இது என் பலவீனமா? வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடலாமா? ஆடிப்பெருக்குக்கு நானும், இங்கேயே வேலை பார்க்கும் தங்கையும் ஊருக்குப் போகிறோம். அதற்குள் பதில் எழுதினால் மகிழ்வேன்.

க., சென்னை

*

அன்புள்ள தம்பி,

பலவீனம் இல்லை. உங்கள் நண்பர்கள் சொல்வது எனக்கு ஒப்பவும் இல்லை. வயது ஏறினால் பொறுப்பு கூடும், உடம்பு மாறும். ஒருவருடைய நாள் முழுக்க இன்னொருவர் கைக்குப் போய்விட வேண்டும் என்று வயது கேட்பதில்லை.

நான் பிறந்தது மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றை ஒட்டிய ஊர். அதனால் நீங்கள் சொல்கிற தண்ணீரை எனக்குத் தெரியும். மேட்டூரில் திறந்தது மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வரும். அங்கிருந்து வெண்ணாற்றில் இறங்கி, உங்கள் ஊர்ப் பக்கத்து மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து எங்கள் வாய்க்காலைத் தொட இன்னும் சில நாள் ஆகும். ஜூன் 12 அணை திறக்கும் நாள் என்பது மரபு. பல வருடம் அது தள்ளிப் போனதும் உண்டு, அந்த வருடங்களில் பெரியவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது. வந்துவிட்டாலோ, வெடித்த மண் குடித்ததுபோக மிஞ்சிய தண்ணீர் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு மெல்ல வரும். அதற்கு முன்னால் வெறுங்காலில் ஓடுவதைப் போல ஒரு சந்தோஷம் எனக்குப் பிறகு அதிகம் வாய்க்கவில்லை.

அந்தச் சந்தோஷம் எதனால் ஆனது என்று நிதானமாகப் பாருங்கள். நேரம் இருந்தது, சரி. அதைவிட முக்கியம், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நேரம் இருந்தது. பம்பரக் காலம் முடிந்து கோலிக் காலம் எப்போது தொடங்கும் என்று யாரும் சொன்னதில்லை. ஒருநாள் தெருவில் எல்லார் கையிலும் கோலி இருக்கும். வட்டத்துக்குள் மாட்டிய பம்பரத்தில் ஆக்கர், அதாவது ஆணிக் குத்து, விழுந்தபோது அழுதவனும், குத்தியவனும், அடுத்த ஆட்டத்தில் சுற்றும் பம்பரத்தைச் சாட்டையால் தூக்கி அபீட் எடுக்க முந்தியவனும் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். ஒரு பிள்ளை மட்டும் சும்மா இருந்தால் அதற்குப் பொழுது போகாது. பத்துப் பிள்ளைகள் சேர்ந்து சும்மா இருந்ததால்தான் அது விளையாட்டு ஆனது.

இப்போது உங்கள் வீட்டில் நான்கு பேர் இருக்கிறீர்கள். நால்வரும் ஒரே நேரத்தில் சும்மா இருக்கும் பொழுது வாரத்தில் எத்தனை?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் வாய்க்காலோடு ஓடுகிறவர்கள் எல்லோரும் பையன்கள். நான் பெரியவளான அந்தக் கோடையோடு என் ஓட்டம் முடிந்தது. என் தம்பிகள் வழக்கம்போல ஓடினார்கள். நான் கொல்லையில் அம்மாவோடு உளுந்து புடைத்தேன். அம்மாவுக்கு எந்தக் கோடையிலும் லீவு கிடையாது. நாங்கள் எந்நேரம் வந்தாலும் சோறு இருந்தது என்றால் அதற்காக ஒருத்தி அடுப்படியை விட்டு நகராமல் இருந்தாள். எங்கள் ஊரில் காலனித் தெருப் பிள்ளைகள் பாதிப் பேர் அதே லீவில் ஆடு மேய்க்கவும் களை பறிக்கவும் போனார்கள். உங்கள் நினைவைக் கெடுக்க இதை எழுதவில்லை. உங்கள் நினைவு உண்மை, அந்த மகிழ்ச்சியும் உண்மை. ஆனால் சுதந்திரம் சின்ன வயது தானாகத் தந்த ஒன்று என்றால், அது எல்லாப் பிள்ளைக்கும் கிடைத்திருக்கும். சிலருக்குக் கொடுத்தார்கள், சிலருக்கு மறுத்தார்கள். ஆகவே நீங்கள் அதை இழந்ததற்கும் வயதைக் காரணம் சொல்ல முடியாது.

எப்போது இழந்தீர்கள்? வேலைக்குச் சேர்ந்தபோது என்று நினைக்கிறீர்கள். விடுதிப் பள்ளி என்று ஒரே ஒரு சொல்லில் தாண்டிப் போயிருக்கிறீர்களே, அங்கேதான் என் கண் நின்றது. அந்த மாதிரிப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளோடு பேசியிருக்கிறேன். விடியும் முன் எழுப்பி, பத்துப் பதினோரு மணி வரை ஸ்டடி. ப்ளஸ் டூ பாடத்தை ப்ளஸ் ஒன்னிலேயே தொடங்கிவிடுவார்கள். பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்று கடன் வாங்கிக் கட்டணம் கட்டிய பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனாலும் பதினைந்து வயதில் சும்மா இருப்பது குற்றம் என்று உங்களுக்குப் பழக்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் கிடைத்தால் இப்போதும் உள்ளுக்குள் ஒரு பதற்றம் வருகிறதா? அது அந்தப் பள்ளியில் ஏற்றியது.

உங்கள் ஏக்கத்துக்கு நம் ஊரில் ஒரு வரலாறு இருக்கிறது. எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் எங்கள் விருப்பத்துக்கு என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொழிலாளர்களின் முழக்கம். இந்தியாவின் முதல் மே தினத்தை 1923இல் சென்னைக் கடற்கரையில் செங்கொடி ஏற்றிக் கொண்டாடியவர் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றது. கடைகள், நிறுவனங்களுக்கான 1947ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டத்திலும் நாளுக்கு 8 மணி நேரம்தான். 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா நம் சட்டப்பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்து எழுந்தன, கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. சில நாளில் நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். சிங்காரவேலர் கொடியேற்றி அன்றைக்குச் சரியாக நூறு வருடம்.

அந்த மூன்றாவது எட்டு மணி நேரம் எதற்கு என்று கேட்டவர்களுக்குத் தொழிலாளர்கள் கணக்குச் சொல்லவில்லை. எங்கள் விருப்பத்துக்கு, அவ்வளவுதான். நீங்கள் வாய்க்கால் ஓரம் கழித்த பொழுதும் அதுவே. உங்கள் நாளில் வேலையும் பயணமும் பன்னிரண்டரை மணி நேரம், அதற்கு மேல் ஒரு ஃபோன் கால். மூன்றாவது எட்டில் பாதிக்கு மேல் போய்விட்டது. இதைச் சிறுவயது ஏக்கம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், உங்களிடமிருந்து இன்றைக்கு எடுக்கப்படுவதை நீங்கள் கேட்கவே மாட்டீர்கள்.

கேளுங்கள். தனியாகக் கேட்டால் பயம் வரும், அதனால் உங்கள் குழுவில் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து கேளுங்கள். இரவுக் கால் தினமும் வேண்டுமா, முறை வைத்துக்கொள்ளலாமா என்பதில் தொடங்கலாம். மெட்ரோ வேலை முடிகிற வரை நீங்கள் தினம் போய்வரும் பழைய மகாபலிபுரம் சாலை இப்படி நெரிசலாகத்தான் இருக்கும் என்பதால் வீட்டைத் தரமணிப் பக்கம் மாற்ற முடியுமா என்று பாருங்கள். வாடகை கூடும். கூடட்டும், தினம் ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் அது நல்ல செலவு.

ஊருக்குத் திரும்புவது பற்றி. விவசாயம் செய்யவோ, அம்மாவுக்குத் துணையாக இருக்கவோ விரும்பினால் தாராளமாகப் போங்கள். இந்த ஏக்கத்துக்காக மட்டும் போகாதீர்கள். கூட ஓடியவர்களில் ஒருவர் திருப்பூரில் இருப்பார், ஒருவர் சிங்கப்பூரில் இருப்பார். அறுத்த வயலில் நீங்கள் ஒருவராக மட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. மாறாக, சோழிங்கநல்லூர் சந்திப்பிலிருந்து கிழக்கே திரும்பிப் பக்கிங்காம் கால்வாயைத் தாண்டினால் அக்கரை, அதற்கப்பால் கடல். நான்கு கிலோமீட்டர்கூட இருக்காது. ஞாயிறு நான்கு மணிக்கு அறை நண்பர்களோடு ஒரு பந்தை எடுத்துக்கொண்டு போங்கள். உடற்பயிற்சி என்று பெயர் வைக்க வேண்டாம், படம் எடுத்துப் போட வேண்டாம். முதல் சில வாரம் யாராவது வரமாட்டார்கள். விடாதீர்கள். ஒரே நேரத்தில் சும்மா இருப்பதைப் பெரியவர்கள் திட்டம் போட்டுத்தான் மீட்க வேண்டியிருக்கிறது.

ஆடிப்பெருக்குக்குத் தங்கையோடு ஊருக்குப் போகிறீர்கள் அல்லவா? அவருக்கு அந்த வாய்க்கால் எந்த வயது வரை இருந்தது என்று பஸ்ஸிலேயே கேட்டுவிடுங்கள். படையல் முடிந்ததும் அம்மாவோடு அவரை அடுப்படியில் விட்டுவிட்டு நீங்கள் கிளம்பிவிடாதீர்கள். மூவருமாகப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஒன்றாகப் போங்கள்.

அன்புடன்.