நலன் முரண் என்றால் என்ன? கம்பெனிப் பணத்தில் ஆய்வு செய்தவரை நம்பலாமா?

ஒருவர் சொல்லவேண்டிய முடிவும் அவருக்கு வரும் ஆதாயமும் மோதிக்கொள்ளும் நிலைதான் நலன் முரண். பொய் சொல்ல வேண்டும் என்றே இல்லை. எதைத் தேடுவது, எந்த இடத்தில் "போதும்" என்று நிறுத்துவது என்பதையே பணம் மெல்லத் திருப்பிவிடும்.

பழைய பைக் வாங்கப் போகிறோம். விற்பவர் அழைத்து வந்த மெக்கானிக் "இன்ஜின் அருமை" என்கிறார். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் நம் மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டத்தானே செய்வோம்?

அமெரிக்காவில் பெட்ரோலில் ஈயம் (lead என்னும் நச்சு உலோகம்) கலந்த காலத்தில், உடலில் ஈயம் இருப்பது இயற்கைதான் என்று பல ஆண்டுகள் வாதிட்டவர் ராபர்ட் கேஹோ. அந்த ஈயக் கலவையை விற்ற எத்தில் நிறுவனத்தின் மருத்துவ ஆலோசகர் அவர்.

அதை உடைத்தவர் கிளேர் பேட்டர்சன். பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டுகள் என்று 1956-இல் கணித்தவர். அந்தக் கணிப்புக்காகப் பாறைத்துகளில் ஈயத்தை அளக்கும்போது தூசியிலிருந்தும் தலைமுடியிலிருந்தும் ஈயம் வந்து கலந்துகொண்டே இருந்தது. ஆய்வகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார், பாத்திரங்களை அமிலத்தில் ஊறவைத்தார். அந்தப் பிடிவாதம் எனக்கு இன்றும் சிலிர்ப்பூட்டுகிறது! இந்த ஈயம் மனிதன் கொட்டியது என்று 1965-இல் எழுதினார். 1971-இல் காற்றிலுள்ள ஈயத்தை ஆராய்ந்த தேசியக் குழுவில் அவருக்கே இடமில்லை. சாலை வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் அங்கே முழுதாகத் தடையானது 1996-இல்.

கம்பெனிப் பணம் என்றாலே பொய் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு: கடலில் ஈயத்தை அளந்த பேட்டர்சனின் ஆய்வுக்கே தொடக்கத்தில் எண்ணெய்த் துறையின் பணம் வந்தது.