கிளியும் கிளிக்கரும்

அன்புள்ள அக்கா,

நான் காட்பாடி, காலேஜ் ரெண்டாவது வருஷம். ஸ்கூல்ல இருந்தே ஆர்ச்சரி, ரீகர்வ் வில்லு. இப்போ ஆறு மாசமா ஒரு பிரச்சனை. இழுத்து தாடைக்குக் கீழ வெச்சு வில்லுல குறி பாக்கற சைட்டை மேல கொண்டு வந்தா டார்கெட் நடுவுல இருக்கற மஞ்சளுக்குக் கீழ சிவப்புலயே நின்னுடுது, மேல ஏறவே மாட்டேங்குது. கஷ்டப்பட்டு ஏத்தினா மஞ்சள் கண்ல பட்டவுடனே விரல் தானா விட்டுடுது, முழுசா இழுத்தாச்சுன்னு டிக்குனு தட்டற கிளிக்கர் விழறதுக்கு முன்னாடியே. இதுக்கு டார்கெட் பேனிக்னு பேருன்னு சீனியர் ஒருத்தர் சொன்னார். கோச் "அர்ஜுனன் மாதிரி கிளியோட கண்ணை மட்டும் பாரு, உனக்கு கான்சன்ட்ரேஷன் பத்தல"ன்றார். அப்பா தைரியம் இல்லன்றார். அம்மா ரத்தினகிரி முருகனுக்கு வேண்டிக்கிட்டாங்க. நான் தினமும் ப்ராக்டிஸ் முடிஞ்சப்புறம் எக்ஸ்ட்ரா நூறு அம்பு போடறேன், இன்னும் மோசமாதான் ஆகுது. வில்லோட இழுவை வெயிட்டையும் 28 பவுண்டுல இருந்து 38க்கு ஏத்திப் பாத்தேன். தியானம் பண்ணா சரியாகுமா, ஏதாவது புக் சொல்லுங்க. இல்ல ட்ரிக்கர் வெச்சு விடற காம்பவுண்ட் வில்லுக்கு மாறிடலாமா? நான் கோழைதானோன்னு தோணுது.

ர.

தம்பி ர.,

உன் லெட்டர் வந்த நேரம் அப்படி. ஆற்காடு பக்கம் எங்க ஊர் திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் நடந்துக்கினு இருக்கு, மதியானம் பிரசங்கம் ராத்திரி கூத்து, அர்ச்சுனன் தபசு அன்னிக்கு நானும் போயிருந்தேன். பிரசங்கியார் நல்லா பேசறவர்தான். ஆனா அந்தக் கிளிக்கதையை சொல்லி முடிச்சுட்டு முன்வரிசைல உக்காந்திருந்த பொடிப்பசங்களைப் பாத்து "நீங்களும் பரிட்சைல கிளியோட கண்ணை மட்டும் பாக்கணும்"னார் பாரு, எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. அந்தக் கோவத்தோட வீட்டுக்கு வந்தா உன் கடிதத்துல உங்க கோச்சும் அதேதான் சொல்லியிருக்கார். அதனாலதான் இந்தப் பதில், இல்லன்னா எனக்கு வர்ற கடிதத்துக்கெல்லாம் பதில் போட நேரம் ஏது.

முதல்ல திட்டிடறேன். கையே பேச்சு கேக்கலன்னு தெரிஞ்சும் அதே கையால எக்ஸ்ட்ரா நூறு அம்பு போடறேன்றியே, உனக்கு அறிவு இருக்கா? தினம் நூறு தடவை அந்த வியாதியை ப்ராக்டிஸ் பண்ணிக்கினு இருக்க. நல்லா பழகியும் இருக்கும், ஏன் பழகாது. இதுல 38 பவுண்டு வேற. இங்க நம்ம ஊர்ல ஒரு நெனப்பு இருக்கு, சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014லயும் 2018லயும் காமன்வெல்த்ல தங்கம் தூக்கினாலும் தூக்கினார், விளையாட்டுன்னாலே தம் கட்டி வெயிட்டை ஏத்தறதுன்னு ஊரே முடிவு பண்ணிடுச்சு. வெயிட் லிஃப்டிங்குக்கு அது சரி. உனக்கு அது விஷம்.

கோழைன்னு எழுதினதுக்கு மட்டும் திட்டு இல்ல. அது அப்படி இல்லப்பா, கேளு. எரிக் பிரிஸ்டோன்னு ஒரு டார்ட்ஸ்காரர், வட்டப் பலகைல குட்டி அம்பு எறிவாங்களே அந்த ஆட்டம், 5 தடவை உலக சாம்பியன், கடைசியா ஜெயிச்சது 1986. அந்த வருஷமே அவர் விரலை விட்டு டார்ட் போகாம ஒட்டிக்க ஆரம்பிச்சுது. அதுக்கப்புறமும் பைனல் வரைக்கும் போனார், ஆனா அந்தப் பட்டம் மறுபடி கைக்கு வரல. ஜப்பான்ல க்யூடோன்னு வில்லுக்கலை இருக்கே, வெள்ளை டிரஸ் போட்டுக்கினு அவ்ளோ அமைதியா நிக்கறாங்களே, அங்கயும் முழுசா இழுத்து நிக்கறதுக்கு முன்னாடியே விட்டுடற இந்தத் தொல்லை இருக்கு, ஹயாகேன்னு அதுக்குத் தனிப்பேரே வெச்சிருக்காங்க. இவங்கள்ல யாரைப் போய் கோழைன்னு சொல்லுவ?

நடக்கறது இதுதான். கிளிக்கர்ன்றது எதுக்கு இருக்கு, ஒரு சின்னத் தகடு, அம்பு முனை முழுசா உள்ள வந்தவுடனே டிக்குனு தட்டும், அப்போ விடணும், அவ்ளோதான். ஆனா நீ வருஷக்கணக்கா ஆயிரக்கணக்குல அம்பு போட்டதுல, மஞ்சள் தெரியறதும் அம்பு போறதும் ஒண்ணா ஒண்ணா நடந்து நடந்து, மண்டைக்குள்ள ரெண்டுக்கும் முடிச்சு விழுந்துடுச்சு. இப்போ கிளிக்கர் தேவையே இல்ல, மஞ்சள் தெரிஞ்சாலே விரல் அவுந்துடும். அது உனக்கும் தெரியும், உன் உடம்புக்கும் தெரியும். அதனாலதான் இன்னொரு பக்கம் கை மஞ்சளுக்குப் போகவே பயந்துக்கினு சிவப்புலயே நிக்குது. அங்க போனா விட்டுடுவோம், அதனால போகாதன்னு உன்னைக் காப்பாத்துது, பாவம். நீ சொன்ன ரெண்டு பிரச்சனையும் ஒரே பிரச்சனைதான். 70 மீட்டர்ல 122 சென்டிமீட்டர் டார்கெட் பேப்பர்ல 10 பாயின்ட் வட்டம் வெறும் 12.2 சென்டிமீட்டர், அதைப் போய் இன்னும் உத்துப் பாருன்னா அந்த முடிச்சு இன்னும்தான் இறுகும். உனக்கு கான்சன்ட்ரேஷன் பத்தலன்னு சொல்றது தப்பு. எக்கச்சக்கமா இருக்கு, அதான் சிக்கல்.

இப்போ கிளிக்கு வரேன். இதை விடமாட்டேன்.

ஆதி பருவத்துல இருக்கற கதையைப் பொறுமையா படிச்சுப் பாரு. அது நிஜக் கிளியும் இல்ல, துரோணர் செய்யச் சொல்லி மரத்து உச்சில வெச்ச பொம்மைப் பறவை. கண்ணும் இல்ல, தலையைத்தான் வெட்டணும்னு சொல்றார். அது கெடக்கட்டும். துரோணர் முதல்ல என்ன சொல்றார்னு பாரு. எல்லாரும் அம்பு பூட்டி குறி வெச்சு நில்லுங்க, *நான் சொன்னவுடனே* அடிங்கன்றார். குறி கெடைச்சவுடனே அடின்னு சொல்லல. தருமன் இழுத்துக்கினு நிக்கறான், அவனை நிக்க வெச்சுட்டு கேள்வி கேக்கறார், பறவை தெரியுதா, வேற என்ன தெரியுது. அவன் மரம் தெரியுது, நீங்க தெரியறீங்க, தம்பிங்க தெரியறாங்கன்றான். உடனே எரிச்சலாகி தள்ளிப் போன்றார். துரியோதனன், பீமன், எல்லாரும் அதே. இதை ஊரே அவங்க தோத்த கதையா சொல்லுது. எனக்கு அதுல ஒரே ஒரு விஷயம்தான் படுது, அத்தனை பேரும் முழுசா இழுத்த வில்லை ஒரு அம்பும் விடாம இறக்கியிருக்காங்க!

அப்புறம் அர்ஜுனன். வில்லு வட்டமா வளைஞ்சு நிக்குது, அவன் குறியைப் பாத்துக்கினே நிக்கறான், துரோணர் உடனே கேக்கக்கூட இல்ல, கொஞ்ச நேரம் விட்டுட்டுதான் கேக்கறார். பறவை மட்டும் தெரியுதுன்றான். மறுபடி கொஞ்சம் விட்டு, எப்படி இருக்கு பறவை, சொல்லுன்றார். தலைதான் தெரியுது, உடம்பு தெரியலன்றான். அப்புறம்தான் "விடு". அப்போதான் விடறான். அவ்ளோ நேரமும் குறி அவன் கண்ணுக்குள்ள இருக்கு, வாய் பதில் சொல்லுது, கை இழுத்தபடியே இருக்கு, விரல் மட்டும் சும்மா இருக்கு. உனக்கு எது இல்லாமப் போச்சோ அதுதான் அந்தப் பையன்கிட்ட இருந்தது. தலை தெரிஞ்சதுக்கெல்லாம் அவன் விடல, வாத்தியார் சொன்னதுக்கு விட்டான். நம்ம ஆளுங்க ரெண்டாயிரம் வருஷக் கதையில கண்ணை மட்டும் புடுங்கி எடுத்துக்கினு காத்திருந்ததைக் கோட்டை விட்டுட்டாங்க, அதை வெச்சு பசங்களை மெரட்டிக்கினும் இருக்காங்க. உங்க கோச் மேல எனக்குக் கோவம் இல்ல, அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக் குடுத்திருப்பாங்க. ஆனா அந்தக் கதையை மறுபடி சொன்னார்னா இதை அவர்கிட்ட படிச்சுக் காட்டு.

தைரியம்னு உங்கப்பா சொன்னதும் எங்க சித்தப்பா ஞாபகம் வந்துடுச்சு. வாலாஜா பக்கம் பத்திரம் எழுதறவர், முத்து முத்தா எழுத்து. ஒரு கட்டத்துல ஸ்டாம்ப் பேப்பர் மேல பேனாவை வெச்சா கை இறுகிடும், கட்டைவிரல் உள்ள மடங்கிக்கும், நிப்பு பேப்பர்ல குத்திக்கும். அதே ஆள் வீட்டுக்கு வந்து மளிகை லிஸ்ட் எழுதினா ஒண்ணும் ஆகாது. ஸ்டாம்ப் பேப்பர் கெட்டா காசு போச்சு இல்ல, அதான் பயம்னாங்க. செய்வினைன்னாங்க, தாயத்து கட்டினாங்க, அவருக்கு சாராயப் பழக்கம் வந்துடுச்சுன்னு கூட ஒருத்தர் கதை கட்டினார், சித்தி அதுக்கு அழுதது எனக்கு இன்னும் மறக்கல. கடைசில வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரில நரம்பு டாக்டர்கிட்ட கூட்டினு போனப்போதான் இப்படி ஒரு வியாதி இருக்கு, எழுத்து வேலை பாக்கறவங்களுக்கு வரும், தைரியத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு சொன்னாங்க. சித்தப்பா அதைக் கேட்டு அங்கயே கண்ணைத் தொடைச்சுக்கினாராம். அப்புறம் பேனாவை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவுல சொருகி எழுதப் பழகினார். எழுத்து கோழி கிண்டின மாதிரி ஆச்சு. பரவால்ல, பத்திரம் ரிஜிஸ்டர் ஆச்சு. கோல்ஃப்ல பெர்ன்ஹார்ட் லாங்கர் பண்ணதும் இதேதான், கை ஒதறி குழிக்குள்ள பந்தைத் தள்ள முடியாமப் போனப்போ புடியை மாத்தி மாத்திப் பாத்து, 1985லயும் 1993லயும் மாஸ்டர்ஸ்ன்ற பெரிய போட்டியை ஜெயிச்சார். உனக்கு வந்திருக்கறது சித்தப்பாவோட வியாதின்னு நான் சொல்லல. வில்லுக்காரங்கள்ல நெறைய பேருக்கு வெறும் பழக்கக் கோளாறுதான், அவுத்துடலாம். வில்லைப் புடிக்காதப்பவும், எழுதறப்போ, சாப்பிடறப்போ கை இறுகுதுன்னா மட்டும் டாக்டர்கிட்ட போ, பக்கத்துலதான இருக்கு.

எப்படி அவுக்கறதுன்னு கேப்ப. எங்க அக்கா பையனுக்கு இது வந்து, நான் சாயங்காலம் சாயங்காலம் கிரவுண்ட்ல பிளாஸ்டிக் சேர் போட்டு கொசு அடிச்சுக்கினு உக்காந்திருந்தவ, அதனால சொல்றேன். பேப்பரைக் கிழிச்சுப் போடு. வெறும் பட்ரஸ், அதான் அம்பு குத்தற மெத்தை, அது முன்னாடி நாலஞ்சு அடில நின்னு, நேரா குறி வெச்சப்புறம் கண்ணை மூடிக்கினு இழு, முதுகு இழுக்கறதை மட்டும் கவனி, டிக்குன்னா விடு. வாரக்கணக்குல இதேதான். போர் அடிக்கும். அடிக்கட்டும். அப்புறம் பேப்பரை ஒட்டி, கிட்ட நின்னு, மஞ்சள்ல வெச்சு, டிக் சத்தம் வந்தாலும் விடாம இறக்கு. அம்பே போகக்கூடாது. வெறும் வில்லை மட்டும் இழுத்துட்டு கைதவறி விட்டா லிம்பு, அதான் வளையற வில்லுக்கை, ஒடைஞ்சுடும், அதனால அம்பு பூட்டி பட்ரஸைப் பாத்தே பண்ணு, பின்னாடி யாரும் இல்லன்னு பாத்துக்க.

மூணாவதுதான் முக்கியம். ஃப்ரெண்டு ஒருத்தனைப் பின்னாடி நிறுத்து. நீ இழுத்து, குறி வெச்சு, டிக் கேட்டப்புறம் அவன் "விடு"ன்னா விடு, "இறக்கு"ன்னா இறக்கு. எது சொல்லுவான்னு உனக்குத் தெரியக் கூடாது. எங்க பையனுக்கு அந்த வேலையை நான்தான் பண்ணேன். அவனுக்குப் பின்னாடி நின்னு பாத்தா அம்போட முனை கிளிக்கர் விளிம்புல நூலளவு ஒட்டிக்கினு நடுங்கும், டிக்குன்னும், நான் வேணும்னே வாயை மூடிக்கினு இருப்பேன், அவன் முழங்கை உதறும். மொதல்ல நான் "இறக்கு"ன்னு சொல்றதுக்குள்ள அம்பு பறந்துடும், "சின்னம்மா நீ லேட்டு"ன்னு என்னையே கத்துவான். போகப் போக நான் பேசாம இருந்தா அவனும் பேசாம நின்னான். தூரத்தை அப்புறம்தான் ஏத்தணும், மறுபடி வந்துச்சுன்னா கூச்சப்படாம கிட்ட வந்துடு. மேட்ச்ல ஒவ்வொருத்தர் மாத்தி மாத்தி போடறப்போ ஒரு அம்புக்கு 20 செகண்டுதான், அதுக்குள்ள ஒரு தடவை இறக்கிட்டு மறுபடி இழுக்கவும் நேரம் இருக்குன்னு உடம்புக்குத் தெரிஞ்சாலே பாதி பதட்டம் போயிடும். அது வரைக்கும் போட்டிக்குப் போகாத. மாவட்ட மீட் போனா போகுது, அடுத்த வருஷமும் வரும்.

தியானமா, உனக்குப் புடிச்சா பண்ணு. புக்கு வேணாம், ஏற்கனவே மண்டைல ஏத்திக்கினது போதும். ரத்தினகிரிக்கு அம்மாவோட போய்ட்டு வா, படியேறினா உடம்புக்கும் நல்லதுதான்.

ஐயோ, நீ கேட்டதே காம்பவுண்டுக்கு மாறலாமான்னுதான் இல்ல? மாறாத. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸ்ல காம்பவுண்ட் மிக்ஸ்டு டீம் சேத்திருக்காங்கன்னு உங்க கிரவுண்ட்ல எல்லாருக்கும் ஆசை வந்திருக்கும், தெரியும். எங்க பையன் மொதல்ல மாட்டினதே காம்பவுண்ட்லதான், மஞ்சள் தெரிஞ்சா ட்ரிக்கரை டப்புனு குத்துவான், ரீகர்வுக்கு வந்தும் அதே வந்து நின்னுச்சு. வில்லு மாறினா இது போகாது. அந்தக் காசை அப்பாகிட்டயே குடுத்து வெய், ஜூனியர் பசங்க யார்கிட்டயாவது 28 பவுண்டு லிம்பு கடன் கேட்டு வாங்கு, கேக்க வெக்கமா இருந்தா அக்கா கேக்கச் சொன்னாங்கன்னு சொல்லு. அப்புறம் அந்த எக்ஸ்ட்ரா நூறு அம்பு, இன்னிக்கே நிறுத்தற.