பூத் ஜொலோக்கியா மாதிரி காரமான மிளகாய்ச் செடிகளைக் கூரியரில் வாங்கலாமா? உயிரோடு வந்து சேருமா?

வாங்கலாம். மதுரையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இப்போது காய்த்துக்கொண்டிருக்கும் நாகா மிளகாய் (பூத் ஜொலோக்கியாவின் இன்னொரு பெயர்) செடிகளில் பாதி அட்டைப்பெட்டியில் பயணம் செய்து வந்தவைதான். ஆனால் அதற்கு முன்னால் நாலைந்து செடிகளைப் பறிகொடுத்திருக்கிறேன். அவற்றில் வழியிலேயே செத்தவை இரண்டுதான். மற்றவை உயிரோடு வந்து, என் கையில் செத்தன. அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில், எல்லா மிளகாய்க்கும் கூரியர் தேவையில்லை. சம்பா, குண்டு போன்றவற்றின் நாற்று பக்கத்து நாற்றங்காலிலேயே கிடைக்கும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் முண்டு மிளகாய் வேண்டுமென்றால், மளிகைக் கடையில் வெயிலில் காய்ந்த நல்ல வத்தலாக நாலு வாங்கி உடைத்துத் தூவினாலே முளைக்கும். தபால் செலவு செய்து வாங்க வேண்டியவை பூத் ஜொலோக்கியா, கரோலினா ரீப்பர், ஹபனேரோ போன்ற, சைனென்ஸ் (Capsicum chinense) என்ற தாவர இனத்து மிளகாய்கள். நம் ஊர் மிளகாய் விதை ஒரு வாரம், பத்து நாளில் தலைகாட்டிவிடும். இவை மூன்று வாரம் எடுக்கும், சில விதைகள் ஒன்றரை மாதம்கூட இழுக்கும். அவ்வளவு நாள் ஈரம் குறையாமலும் கூடாமலும் பார்த்துக்கொண்டு, கடைசியில் நாற்றழுகலில் எல்லாம் சாய்ந்துவிட்டால் அந்த வருஷமே போய்விட்டது. நாற்றாக வாங்கினால் இரண்டு மாதம் மிச்சம். அதற்காகத்தான் காசு கொடுக்கிறோம்.

என் முதல் அனுபவம் இது. சித்திரைக் கடைசியில், வடகிழக்கிலிருந்து மூன்று பூத் ஜொலோக்கியா செடிகள் வரவழைத்தேன். ஒரு அடிக்கு மேல் உயரம், மொட்டும் பூவுமாக இருக்கும் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு, விலை கூடுதலாக இருந்தும் அதையே கேட்டேன். வந்து சேர ஏழு நாள். பெட்டியைத் திறந்ததும் புழுங்கிய வாடை. இலையெல்லாம் மஞ்சளாகிக் கீழே உதிர்ந்து கிடந்தது. இரண்டு செடிகளின் தண்டு, மண்ணை ஒட்டிய இடத்தில் கறுத்துக் கூழாகியிருந்தது. அனுப்பியவர் மேல் அப்போது எனக்குக் கோபம்தான். பிறகுதான் என்ன நடந்தது என்று புரிந்தது. மூடிய பெட்டிக்குள் செடியே எத்திலீன் வாயுவை வெளிவிடும், அது வெளியே போக வழியில்லாமல் தேங்கினால் இலையும் மொட்டும் காம்போடு கழன்று விழும். செடி பெரிதாக இருந்தால் இலை அதிகம், நீர் இழப்பும் அதிகம். அனுப்பும் அன்று வாடக்கூடாதே என்று அவர் நிறையத் தண்ணீர் ஊற்றியிருந்தார். கத்திரி வெயிலில் கூரியர் வண்டிக்குள் அந்த ஈரமே வேரையும் தண்டையும் அவித்துவிட்டது.

மூன்றாவது செடி பிழைத்தது. இலை இல்லாவிட்டாலும் தண்டு பச்சையாக இருந்தது. பட்டினியாக வந்திருக்கிறதே என்று அன்றைக்கே பெரிய தொட்டியில் நட்டு, பஞ்சகவ்யம் ஊற்றி, வெயிலில் வைத்தேன். நாலாம் நாள் நுனியிலிருந்து கருகிப் போனது. ஏழு நாள் இருட்டைத் தாங்கிய செடியை ஒரே நாள் வெயிலில் நான்தான் கொன்றேன். இன்றைக்கும் அது மனதில் உறுத்துகிறது.

இப்போது நான் வாங்குவது நாலிலிருந்து ஆறு இலை விட்ட சின்னக் கன்று மட்டும். குழித்தட்டில் தேங்காய் நார்க்கழிவில் வளர்த்தது என்றால் இன்னும் நல்லது. வேர் முழுதும் அந்த நாரைப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டியாக நிற்கும், குலுங்கினாலும் உதிராது. கறுப்புப் பையில் தோட்டத்து மண்ணோடு வந்தால் பாதி வழியிலேயே மண் கொட்டி வேர் வெளியே வந்துவிடும். ஆர்டர் போடுவதற்கு முன் அனுப்புபவரிடம் பேசிவிடுகிறேன். முந்தின நாள் தண்ணீர் ஊற்றி, அனுப்பும் நாளில் ஊற்றாமல், வேர்க்கட்டியை மட்டும் பாலித்தீனில் சுற்றி, இலைப்பகுதியைத் தாளால் தளர்வாக மூடி, பெட்டியின் பக்கங்களில் ஓட்டை போட்டு, திங்கட்கிழமை அனுப்பச் சொல்வேன். வெள்ளிக்கிழமை அனுப்பினால் ஞாயிறு முழுக்க ஏதாவது கிடங்கில் கிடக்கும். சித்திரை, வைகாசியில் வாங்கவே மாட்டேன். எங்கள் ஊருக்கு மார்கழியும் தையும் சரியாக வருகிறது.

பெட்டி வந்ததும் முதல் வேலை இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பது. இலை மேல்நோக்கிப் படகு மாதிரிக் குவிந்திருந்தால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்திருந்தால் சிலந்திப்பேன் என்று சந்தேகப்படுங்கள். வெள்ளை ஈ பறந்தால் இன்னும் கவனம், இலைச்சுருட்டு வைரஸை அதுதான் பரப்பும், அந்த நோய்க்கு மருந்தே கிடையாது. 2021-ல் புதுவகை இலைப்பேன் ஒன்று ஆந்திரா, தெலங்கானாவில் பூவோடு பூவாக மிளகாய் வயல்களை அழித்தது. மொட்டைமாடியில் பத்துத் தொட்டி வைத்திருப்பவருக்கு ஒரு கன்றில் ஒட்டி வரும் பூச்சியே போதும். பார்வைக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் புதுச் செடியை இரண்டு வாரம் மற்றச் செடிகளிடமிருந்து தள்ளி வையுங்கள். எங்கள் வீட்டில் மாடிப்படி வளைவுதான் அதற்கு இடம்.

அந்த இரண்டு வாரத்தில் முதல் மூன்று, நான்கு நாள் முழு நிழல். வெறும் தண்ணீர், அதுவும் மேல்மண் காய்ந்தால் மட்டும். உரம் வேண்டாம். பிறகு காலை வெயில் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று கூட்டுங்கள். நடும்போது தக்காளி மாதிரி தண்டை ஆழப் புதைக்காதீர்கள், குழித்தட்டில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம். மொட்டு இருந்தால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கிள்ளிவிடுங்கள். இலை முழுக்க உதிர்ந்து வந்தாலும் உடனே தூக்கிப் போட வேண்டாம். தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் கணுவில் துளிர்க்க வாய்ப்பிருக்கிறது.

இந்த வியாபாரத்தில் என்னை மிகவும் வேதனைப்படுத்துவது வேறு ஒன்று. கன்றைப் பார்த்து ரகம் தெரியாது. நட்டு மூன்று, நாலு மாதம் கழித்துக் காய் வந்த பிறகுதான் ரீப்பர் என்று வாங்கியது சாதாரணப் பச்சை மிளகாய் என்று தெரியும். அதற்குள் அனுப்பியவர் போனையே எடுக்கமாட்டார். எனக்கும் நடந்திருக்கிறது. கொஞ்சம் முன்னாலேயே கண்டுபிடிக்க ஒரு வழி, பூவைப் பார்ப்பது. நம் ஊர்ச் சம்பா, குண்டு இனத்தில் பெரும்பாலும் கணுவுக்கு ஒரு பூ, சுத்த வெள்ளையாக இருக்கும். சைனென்ஸ் இனத்தில் ஒரே கணுவில் இரண்டு, மூன்று பூக்கள் பச்சை கலந்த வெள்ளையாகத் தொங்கும். காய் பிடித்ததும் காம்பும் புல்லிவட்டமும் (காயின் தலையில் இருக்கும் பச்சைத் தொப்பி) சேரும் இடத்தில் நூலால் இறுக்கியது போல ஒரு வளையம் தெரியும். ரகம் எதுவென்று இது சொல்லாது, இனம் மாறிவிட்டதா என்பதைச் சொல்லும். பெட்டியைத் திறப்பதை வீடியோ எடுத்து வைப்பது செத்த செடிக்கு மாற்றுக் கேட்க உதவும். ரக மோசடிக்கு அது உதவாது. அதனால் சொந்தமாகக் காய்க்கவிட்டு, காயை வெட்டிப் படம் காட்டும் வளர்ப்பாளரிடம் மட்டும் வாங்குங்கள்.

வெளிநாட்டிலிருந்து கன்று வரவழைக்க நினைக்காதீர்கள். 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் உயிர்ச்செடி நாட்டுக்குள் வர முடியாது. அந்த விதி நம் மிளகாய் விவசாயிகளைக் காப்பதற்கானது. அதை மதிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. பூத் ஜொலோக்கியா 2007-ல் கின்னஸ் பட்டியலில் ஏறியபோது அதன் காரம், காரத்தை அளக்கும் ஸ்கோவில் அலகில் 10 லட்சத்தைத் தாண்டியிருந்தது. வீட்டில் குழந்தை இருந்தால் தொட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள். காரம் அதிகம் இருப்பது விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில். கையுறை இல்லாமல் வெட்டிவிட்டால் முதலில் சமையல் எண்ணெய் தேய்த்துத் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெறும் தண்ணீருக்கு அது போகாது.

போன தை மாதம் ஓசூரில் இருக்கும் அக்காவுக்கு என் செடியின் விதையில் வளர்த்த நாலு கன்றுகளை இதே முறையில் கட்டி அனுப்பினேன். மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தது. "ஒரு இலைகூட உதிரலடா, வெயில்ல வைக்கட்டுமா?" என்று கேட்டாள். இன்னும் நாலு நாள் பொறுக்கா என்றேன்.