சூலையா, சூளையா?

அன்புள்ள ஐயா,

எங்கள் வீடு சென்னை சூளையில். மாமியாருக்குப் பல மாதங்களாக வயிற்று வலி. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சூரணப் பொட்டலத்தில் ‘சூளை நோய்க்கு’ என்று அச்சிட்டிருக்கிறது. வயிறு சூளையாக எரிவதால் அந்தப் பெயர் என்கிறார் கணவர். அப்பரே ‘சுடுகின்றது’ என்றுதானே பாடினார் என்றும் கேட்கிறார். சூலை, சூளை, எது சரி? அல்சர் என்பதும் இதுவும் ஒன்றா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

சூலைதான் சரி. பொட்டலத்தில் இருப்பது பிழை. உங்கள் பேட்டைக்குப் பெயர் தந்தது செங்கல் சூளை. அந்தக் காளவாய்களின் நினைவு பக்கத்துப் புரசைவாக்கத்தில் பிரிக்ளின் (Brick Kiln, செங்கல் சூளை) ரோடு என்ற பெயரில் இன்னும் இருக்கிறது. நோய்க்கும் அதற்கும் உறவில்லை. சென்னைப் பேச்சில் லகரமும் ளகரமும் ஒன்றுபோல ஒலிப்பதால் எழுதும்போதும் கலந்துவிடுகின்றன.

சூலை என்பது சூலத்தோடு சேர்ந்த சொல். வடமொழியில் ‘சூல’ என்றால் ஈட்டி போன்ற கூர்முனை. குத்தும் வலிக்கும் அதுவே பெயர். தினசரிக் காலண்டரில் திங்கட்கிழமைத் தாளில் ‘சூலம் கிழக்கு, பரிகாரம் தயிர்’ என்று போட்டிருப்பார்களே, அதே சூலம்தான். வயிற்று நோய் என்பதால், கர்ப்பத்தைக் குறிக்கும் ‘சூல்’ என்ற தமிழ்ச் சொல்லோடு இணைத்துப் பார்க்கத் தோன்றும். எனக்கு அது பொருத்தமாகப் படவில்லை. சித்த மருத்துவத்தில் மூட்டில் வரும் வலிக்கும் சூலை என்ற பெயர் உண்டு. குத்தல் என்று கொண்டால்தான் இரண்டு இடத்துக்கும் பொருந்துகிறது.

உங்கள் கணவர் அப்பரை நினைவுபடுத்தியதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ‘சுடுகின்றது சூலை தவிர்த்தருளீர்’ என்று அவர் பாடியது உண்மை. ஆனால் அதே திருவதிகைப் பதிகத்தின் முதல் பாட்டில், ‘தோற்றாதென் வயிற்றின் அகம்படியே குடரோடு துடக்கி முடக்கியிட’ என்கிறார். வெளியே ஒன்றும் தெரியவில்லை. உள்ளே குடலைக் கட்டி, ஆளையே மடக்கிப் போடுகிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தவர்களுக்கு அந்த ‘முடக்கியிட’ புரியும். ஏழாம் நூற்றாண்டில் ஒரு நோயாளி தன் வலியைத் தானே இவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்கிறார் என்பது ஒவ்வொரு முறையும் என்னை உலுக்குகிறது.

நம் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் பெரிய புராணத்தில் இதை விரிக்கும்போது கடலுக்குள் எரிவதாகச் சொல்லப்படும் வடவைத் தீ, கொடிய நஞ்சு, வச்சிராயுதம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது போல ‘குடரின் அகங்குடைய’ என்கிறார். எரிச்சலும் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் வினைச்சொல்லாக அவர் எடுத்துக்கொண்டது குடைதல். கூர்முனை உள்ளே போய்த் திருகுகிற வலி அது.

இனி அல்சர். நம் ஊரில் நெஞ்செரிச்சல், ஏப்பம், பசி வலி எதுவானாலும் ‘அல்சர்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அல்சர் என்றால் புண். எண்டோஸ்கோப்பி குழாயை விட்டுக் கண்ணால் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். சூலை என்பது நோயாளி உணர்கிற வலியின் பெயர். அந்த வலிக்குப் புண் காரணமாக இருக்கலாம். பித்தப்பைக் கல்லும் இருக்கலாம், கணைய அழற்சியும் இருக்கலாம். அதனால்தான் அப்பருக்கு வந்தது அல்சர், குடல்வால் என்றெல்லாம் முடிவு கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பாட்டை வைத்து வலியை அறியலாம், நோயை அறிய முடியாது.

மாமியார் விஷயத்திலும் இதையே சொல்வேன். பொட்டலத்தில் உள்ள பெயரை நம்பிச் சூரணத்தைத் தொடர வேண்டாம். வயிற்றுப் புண்களில் பெரும்பாலானவற்றுக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவோ, நாள்பட விழுங்கும் வலி மாத்திரைகளோதான் காரணம். அந்தப் பாக்டீரியாவைக் கண்டறிந்த பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டு வார மருந்தில் பெரும்பாலோருக்கு அது ஒழிந்துவிடும். மூட்டு வலிக்கு மாத்திரை போடுகிறாரா என்று முதலில் கேளுங்கள். டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மலம் தார் நிறத்தில் கறுத்துப் போனாலோ, வாந்தியில் ரத்தம் தெரிந்தாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். சென்ட்ரல் எதிரே இருக்கும் ஜி.எச். உங்கள் வீட்டுக்குப் பக்கம்தான். உடனே அழைத்துப் போங்கள்.