வலை உலரும் மணல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சமீபத்தில் தரங்கம்பாடி போயிருந்தோம். கோட்டையும் பழைய வீதிகளும் மனதை அள்ளின. மீனவர் கரைப் பக்கம் மட்டும் வலையும் கயிறும் படகுமாகச் சிதறிக் கிடக்கிறது. அங்கே ஒரு நடைபாதை போட்டு ஒழுங்கு செய்தால் ஊரின் அழகு முழுமையாகும் என்று தோன்றியது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கோட்டையைப் பேண வேண்டும், சரி. அதைக் கட்டிய டேனியர்கள் (டென்மார்க்காரர்கள்) 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி வந்தார்கள், 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். இங்குள்ள மீனவர்கள் எங்கும் போகவில்லை. அந்த ஊரின் நீண்ட வரலாறு, நீங்கள் ஒழுங்குபடுத்தச் சொல்லும் மணலில்தான் இருக்கிறது.

சிதறல் என்று உங்களுக்குப் பட்டது அவர்களுடைய வேலையிடம். சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகங்கள் குறைவு. அலை உடையும் இடத்தைத் தாண்டித்தான் தொழிலுக்குப் போக வேண்டும். கட்டுமரம் அதற்கென்றே உருவானது. எடை குறைந்த மரங்களைக் கயிற்றால் பிணைத்திருப்பார்கள். அலை மேலே ஏறினாலும் தண்ணீர் இடுக்கு வழியே வடிந்துவிடும். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைக் காயப் போடுவார்கள், ஊறின மரம் கனக்கும் என்பதால். சுனாமிக்குப் பிறகு பெரும்பாலும் ஃபைபர் படகுகள்தான், ஆனால் அவற்றையும் இழுத்து ஏற்ற மணல் வேண்டும்.

கரைவலைக்கு இன்னும் அதிக இடம் தேவை. ஒரு நுனிக் கயிறு கரையில் இருக்க, படகு வலையை வளைத்து இறக்கிவிட்டு மறு நுனியோடு திரும்பும். இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று இழுப்பார்கள். நடைபாதைக்கென்று குறுக்கே ஒரு சுவர் எழுந்தால் அந்த இடத்தில் கரைவலை அதோடு சரி. கொண்டல், வாடை, கச்சான் என்று காற்றைப் பேர் சொல்லி அறிவதையும், நீரோட்டம் பார்த்து வலை இறக்குவதையும் பிள்ளைகள் பெரியவர்களோடு நின்று கற்றுக்கொண்டது இங்கேதான். எனக்கு அந்த அறிவு கோட்டைச் சுவரைவிடப் பெரிய சொத்து.

மாசிலாமணிநாதர் கோயிலையும் பார்த்திருப்பீர்கள். பாண்டியர் காலத்துக் கோயில். அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. அப்படிக் கடல் எடுத்தது போக மிஞ்சிய மணலில் நடைபாதைக்கும் பங்கு கேட்பது நியாயமில்லை.

செலவழிக்கப் பணம் இருந்தால் மீன் விற்கும் பெண்களுக்கு நிழலும் நல்ல தண்ணீரும் ஐஸ் பெட்டி வைக்க ஓர் இடமும் கட்டித் தரட்டும். எங்கே கட்டுவது என்பதை முதலில் மீனவர் பஞ்சாயத்தாரிடமும் அந்தப் பெண்களிடமும் கேட்க வேண்டும்.

அன்புடன்.